ஞாயிற்றுக்கிழமை மனு

எங்கள் கிளை நூலகத்துக்குப் புத்தகம் படிக்க வருகிறவர்கள் குறைவு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காலையில் பேப்பர் பார்க்க வருவார்கள். இரவு ஷிப்ட் முடிந்ததும், ரூமில் படுக்க இடமில்லாமல் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தபடியே தூங்க வருவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு செல்போனை நோண்ட வருவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையோரம் இருக்கிற நூலகம் வேறு எப்படி இருக்கும்? மேசையைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு இரும்புத் தூசி. லாரி போகும்போதெல்லாம் கண்ணாடி பீரோ கடகடவென்று ஆடும். நான் திருவள்ளூரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தபோது ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் வந்தேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

புத்தகம் இரவல் கொடுப்பதைவிட நான் அதிகம் செய்த வேலை மனு எழுதிக் கொடுத்ததுதான். திங்கட்கிழமை திருவள்ளூரில் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அவ்வளவு தூரம் போகிறவர்கள் மனுவையாவது ஒழுங்காக எழுதிக்கொண்டு போகட்டும் என்று ஒருமுறை ஒரு விவசாயிக்குப் பட்டா விஷயமாக எழுதிக் கொடுத்தேன். அதோடு பிடித்தது சனி. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும், ஆதார் திருத்தம், முதியோர் பென்ஷன், வாய்க்கால் அடைப்பு என்று ஆட்கள் வந்து வாசலில் நிற்பார்கள். கூட்டம் சேர்ந்ததும் நான் வாசலைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பேன். வரிசையாக உள்ளே வருவார்கள். என் குரல் நூலகருக்கு ஏற்ற குரல் இல்லை என்று வாசகர் வட்டத் தலைவரே சொல்லியிருக்கிறார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். நூலகத்துக்கு ஃபேன் வேண்டும், தண்ணீர் கேன் வேண்டும் என்றால் நாலு கம்பெனி வாசலில் போய் நின்று வாங்கிக்கொண்டு வருவது அவர்தான். கான்ட்ராக்டர்கள், சூப்பர்வைசர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நல்ல மனிதர். ஆனால் ஒழுங்கு, ஒழுங்கு என்று உயிரை வாங்குவார்.

அந்தப் பெண் வர ஆரம்பித்தது மழை விட்ட சமயம். நாற்பதைத் தாண்டிய வயது. சாயம் போன வாயில் புடவை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. யாரும் செருப்பைக் கழற்றாத இடத்தில் அவள் மட்டும் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வருவாள். பெண்கள் பகுதி என்று ஒரு மூலையில் ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போட்டிருக்கிறோம். அங்கே வந்து உட்கார்ந்து ஒரு வார இதழை விரித்து வைத்துக்கொள்வாள். பக்கம் மட்டும் புரளாது. மதியச் சாப்பாட்டு வேளை முடிந்து வருவாள், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் போய்விடுவாள்.

அதெல்லாம் பரவாயில்லை. நான் அந்தப் பக்கம் போனால் எழுந்து நிற்பாள். திரும்பி வந்தால் மறுபடியும் எழுந்து நிற்பாள். அலமாரியில் ஒரு புத்தகம் வைக்கப் போனால் ஒரு தடவை, எடுக்கப் போனால் ஒரு தடவை. முதலில் மரியாதை என்று நினைத்தேன். அப்புறம் கிண்டல் செய்கிறாளோ என்று தோன்றியது. எனக்குக் கோபம் மூக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.

"எதுக்கு இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றீங்க? நான் என்ன மந்திரியா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம்" என்றாள். அதைச் சொல்வதற்கும் எழுந்து நின்றாள்.

தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வழக்கம்போல ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். நான் இடத்தில் இருந்தபடியே, "மனு, மனு! மனுவுக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். மூலையில் நாற்காலி தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஓடி வரும்போதே முந்தானையைச் சரிசெய்தாள், கையால் முகத்தைத் துடைத்தாள், நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கினாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"எனக்கா மேடம்? யாரு வந்துகிறாங்க?"

"யாரும் வரலையே. உங்களுக்கு எதுவும் மனு எழுதணுமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு சிரிப்பு எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. விழுந்த நாற்காலியை எடுத்து நேராக வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் போன பிறகு நான் அவளிடம் போனேன். எழுந்து நின்றாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அங்க மனுன்னா பாக்க வர்றது மேடம். ஊட்லேர்ந்து ஆளு வந்தா மைக்ல பேர் சொல்லி மனுன்னு கூப்புடுவாங்க. நீங்க கத்தின ஒடனே எனக்கு அந்த நெனப்பு வந்துட்ச்சி. மன்னிச்சிக்கோங்க."

"எங்க?"

"ஜெயில்ல" என்றாள். குனிந்தபடி, வார இதழைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு முதலில் வந்தது பயம்தான். என் கைப்பை எங்கே இருக்கிறது என்று கண் தானாகத் தேடியது. அதை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் எடுத்து மேசை மேல், எனக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை என்ன சொல்வது. அதற்காகவே அவள் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஆரம்பாக்கத்துப் பெண். புருஷன் குடித்தே செத்துப் போனான். கையில் சின்னப் பையன். ஆந்திராப் பக்கமிருந்து பஸ்ஸில் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று ஒருத்தன் சொன்னான். கொஞ்ச நாள் எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்தார்கள். கஞ்சா.

"பைல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதுன்னு கோர்ட்ல சொன்னேன். பொய் மேடம். தெரிஞ்சேதான் தூக்கினேன்" என்றாள்.

அப்போது பையன் இரண்டாம் வகுப்பு. அவளுடைய அண்ணன் வளர்த்தார். ஒரே ஒரு தடவை அவனை ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் அழுத அழுகையைப் பார்த்து, இனிமேல் கூட்டிவர வேண்டாம் என்று இவளேதான் சொன்னாள். கொஞ்ச வருடத்தில் அண்ணனும் வருவதை நிறுத்திவிட்டார். தண்டனை முடிந்து வெளியே வந்து பார்த்தால், பையன் இங்கே ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறான். ஊருக்குப் போக அண்ணி விடவில்லை. வடக்கத்தி ஆட்களுக்குச் சமைக்கிற ஒரு மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிற வேலை கிடைத்தது, அங்கேயே பின்கட்டில் படுத்துக்கொள்கிறாள்.

"அவங்க இந்தில பேசிக்குவாங்க மேடம். என்ன யாருன்னு கேக்க மாட்டாங்க. உள்ள இருக்கும்போது நானும் கொஞ்சம் இந்தி கத்துக்கினேன்" என்றாள். அதைச் சொல்லும்போது ஒரு பெருமை இருந்தது.

மெஸ்ஸில் மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே வேலை இருக்காது. அந்த நேரத்தில் எங்கே போவது? டீக்கடையில் ஒரு பெண் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கோயிலை மதியம் சாத்திவிடுவார்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்தால் போலீஸ் வந்து கேட்கும். அப்படித்தான் இங்கே வந்திருக்கிறாள். காசு கேட்காத, யார் நீ என்று கேட்காத, ஃபேன் போட்ட ஒரே இடம் இதுதான் என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பையனைப் பார்க்க வேண்டும்.

"ஒரு மனு எழுதித் தர்றீங்களா மேடம்?"

"யாருக்கு?"

"எம் புள்ளைக்கு."

விளையாடுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. ஜெயிலில் அவள் எழுதக் கற்றுக்கொண்டதெல்லாம் மனுதான். பரோலுக்கு மனு, மருந்துக்கு மனு, செல் மாற்றித் தர மனு. கடிதம் என்றால் அவளுக்கு அனுப்புநர், பெறுநர், பொருள்தான். நானும் பேப்பரை எடுத்தேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் என்ற இடத்தில் பையன் பெயரும் மில்லின் பெயரும் சொன்னாள். பொருள், நேரில் வந்து பார்க்க வேண்டுதல் சார்பாக. அடுத்து, "ஐயான்னு போடுங்க மேடம்" என்றாள்.

"பெத்த புள்ளைய ஐயான்னா கூப்பிடுவாங்க?"

"வரலாமா வேணாமான்னு சொல்றவன் அவன்தானே மேடம்."

அழுகை வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். பேப்பரைக் கிழித்துப் போட்டேன். "நம்பர் இருக்கா?" என்று அதட்டினேன். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு எடுத்தாள். அண்ணன் வீட்டுப் பக்கத்து ஆள் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது. இவள் ஒரு தடவைகூட அடித்துப் பார்க்கவில்லை.

என் போனிலிருந்தே அடித்தேன். நூலகத்திலிருந்து பேசுகிறேன் என்றேன். உங்கள் அம்மா இங்கே இருக்கிறார்கள் என்றேன்.

"எனக்கு அம்மா இல்லீங்க" என்றது அந்தப் பக்கம். போன் துண்டிக்கப்பட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவளும் கேட்டாள்.

"செத்துட்டாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிகிறான்னு அண்ணி சொன்னாங்க. மில்லுல அவனுக்கு நல்ல பேரு மேடம். நம்ம கேஸு தெரிஞ்சா பேஜாருதானே" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான். பின்னால் இரும்பு உருளுகிற சத்தம். "லைப்ரரிதானே? அங்க யாரு வேணா வரலாமா?"

"யாரு வேணா வரலாம்."

"இன்னா ஏதுன்னு கேப்பாங்களா?"

"புக்கு வேணும்னாதான் கேப்போம். சும்மா உக்காரணும்னா யாரும் கேக்க மாட்டோம்."

"ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றான்.

அன்றைக்கு நான் மனு எழுத வந்தவர்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டேன். அவன் வந்தான். ஒல்லியான பையன். புறங்கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள். நேராக உள்ளே வராமல் பேப்பர் பகுதியில் கொஞ்ச நேரம் நின்று, ஒரு வேலைவாய்ப்புப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, தற்செயலாக வந்தவன் மாதிரி அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அவள் அவனுடைய விரல்களை மட்டும்தான் பார்த்திருக்க முடியும்.

அவள் வாயைத் திறந்தாள்.

"நல்லா கீறியா நைனா! சோறு துன்னியா! மாமா நல்லா கீறாரா! எந்த ஷிப்டு! கையில இன்னா காயம்!"

கத்தினாள். நூலகமே திரும்பிப் பார்த்தது. தூங்கிக்கொண்டிருந்த ஷிப்ட்காரர் பதறி எழுந்தார். அவள் நிறுத்தவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி. கழுத்து நரம்பு புடைக்க, மேசை மேல் சாய்ந்து, காது கேளாதவனிடம் பேசுகிற மாதிரி கத்தினாள். நான் திகைத்துப்போய் நின்றேன். சண்டை போடுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். முகத்தைப் பார்த்தால் சண்டை இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

"இது லைப்ரரியா, மீன் மார்க்கெட்டா?" என்று வாசகர் வட்டத் தலைவர் மேசையைத் தட்டினார்.

அவள் சட்டென்று எழுந்து நின்று கைகட்டிக்கொண்டாள். பையன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். அவள் கைகட்டியபடியே நின்றாள்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் மெதுவாகச் சொன்னார். "அது மனு பாக்குற சத்தம் சார். எங்க மச்சான் உள்ள இருந்தப்ப நானும் போவேன். இந்தாண்ட கம்பி, அந்தாண்ட கம்பி, நடுவுல இத்தன பேரும் ஒரே நேரத்துல பேசுவாங்க. கத்தலன்னா இன்னா சொல்றாங்கன்னே கேக்காது." இரக்கப்பட்டுத்தான் சொன்னார். தலைவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

அடுத்த வாரமே தலைவர் ஆரம்பாக்கம் வரைக்கும் விசாரித்துவிட்டு வந்தார். கேஸ் விவரம்தான் அவருக்குக் கிடைத்தது, அவளுக்குப் பையன் இருக்கிற விஷயம் அவர் காதுக்கு வரவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கஞ்சா கேஸும்மா. இங்க படிக்கிற பசங்க வர்றாங்க. மில்லுப் பசங்க வர்றாங்க. இந்த அம்மாவ இங்க உக்கார வெச்சிக்கினு இருக்கீங்களே?"

"தண்டனைய முடிச்சிட்டு வந்தவங்க சார். சும்மா உக்காந்துட்டுப் போறாங்க."

"எந் தங்கச்சி புள்ள இன்னிக்கும் போதை மறுவாழ்வு ஆஸ்பத்திரில கீறான். யாரோ ஒரு பொம்பள இது மாதிரி பஸ்ல தூக்கினு வந்ததுதானே அவன் வாய்க்குப் போச்சு? அவங்க முடிச்சிட்டு வந்துட்டாங்க. அவன் எப்ப வருவான்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்காக அவளை எழுந்து போ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

விஷயம் திருவள்ளூர் வரைக்கும் போயிற்று. மாவட்ட நூலக ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினார். "லைப்ரரி வாசிக்கறதுக்குத்தானேம்மா?" என்றார். என் வாசகர்களில் பாதிப் பேர் ஃபேனுக்காக வருகிறார்கள் சார் என்றேன். ஜெயிலுக்குப் போய்வந்தவர்களுக்குத் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் தனியாக ஒரு அலமாரி வைக்கலாமே என்று யோசனை சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வெளியே வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கழிப்பறை. சொந்த மனிதர்களைப் பார்க்க, யார் வீடாகவும் இல்லாத ஒரு இடம். வீட்டுக்குள் விடாதவர்கள்கூட நூலகத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போக முடியும், ஏனென்றால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. புத்தகம் பிறகு படிக்கட்டும், படிக்காமலும் போகட்டும். இதையெல்லாம் நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "பிரச்னை வராம பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார். அனுமதியா எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பையன் பல வாரம் வரவில்லை. அவள் மட்டும் வந்தாள். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் நான் அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். நான் பையன் இடத்தில் உட்காருவேன். அவள் எதிரே.

"சாப்டியான்னு கேளுங்க. மெதுவா."

வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. இன்னும் கொஞ்சம் என்றால் கூரை பறக்கும். நடுவிலே ஒரு குரல் இருக்கிறது, சாதாரணமாக ஒரு மனிதரிடம் பேசுகிற குரல். அது அவளிடம் இல்லாமல் போயிருந்தது. ஒன்று வார்டன் காதில் விழாமல் கிசுகிசுக்க வேண்டும், இல்லையென்றால் கம்பிக்கு அந்தப் பக்கம் கேட்கக் கத்த வேண்டும். இத்தனை வருடம் அவளுக்கு இந்த இரண்டு குரல்தான் தேவைப்பட்டிருக்கிறது. நான் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதுதான் சரியாக வந்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் அவளால் கத்த முடியவில்லை. குரல் தானாக இறங்கியது. முதல் தடவை அது வந்தபோது அவளே ஆச்சரியப்பட்டுத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நான் பையனுக்கு மறுபடி போன் செய்தேன். அவன் எடுத்தான். "எதிர்ல உக்காராத, பக்கத்துல உக்காரு. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மடியிலிருந்து, பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைக்கு அடியில் அவன் கையில் கொடுத்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய வெற்றியாக இருந்தது. நான் இப்போதைக்கு உலகத்திலேயே நல்ல நூலகர் என்று நினைத்துக்கொண்டு சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டலம் கைமாறியதை வாசகர் வட்டத் தலைவரும் பார்த்துவிட்டார் என்பதை நான் கவனிக்கவில்லை.

அவர் நேராக அவர்களிடம் போனார்.

"தம்பி, கையில இன்னா?"

பையனின் முகம் வெளுத்தது. அவள் எழுந்து நின்றாள். நான் ஓடினேன்.

"பிரிச்சிக் காட்டு" என்றார் தலைவர். பாவம், அவர் கண்ணில் தங்கை மகன்தான் தெரிந்திருப்பான். பையன் பேப்பரைப் பிரித்தான். உள்ளே பிளாஸ்டிக் கவரில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. முடிச்சை அவிழ்த்ததும் நூலகம் முழுக்க வாசனை அடித்தது. எங்கோ யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பையனை உற்றுப் பார்த்தார்.

"உன்ன எங்கயோ பாத்துகிறேனே. அந்த ரோலிங் மில்லுல கீற பையன்தானே? உன் சூப்பர்வைசர் எனக்கு வேண்டியவரு. அம்மா அப்பா இல்லாத பையன், நல்லா ஒழைக்கிறான்னு உன்னப் பத்திதானே சொன்னாரு? இவங்க யாரு உனக்கு? சம்பந்தமில்லாத பொம்பள கையால நீ ஏன் பொட்டலம் வாங்குற?"

யாரும் இல்லை என்று சொன்னால் கஞ்சா கேஸ்காரி மில் பையனுக்குப் பொட்டலம் கொடுக்கிறாள் என்று போலீஸ் வரும், அவள் இனி இந்தப் படி ஏற முடியாது. அம்மா என்று சொன்னால் நாளைக்கு மில் முழுக்கத் தெரியும். சொல்ல வேண்டியவன் அவன். பையன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்க பெரியம்மா சார்."

"அம்மாவோட அக்காவா?"

"ஆமா சார். எங்கம்மா தவறிட்டாங்க. பெரியம்மாதான் கீறாங்க."

அவன் அவளைப் பார்க்கவில்லை. தலைவர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"எந் தங்கச்சிதான் சார்" என்றாள். அளவான, சாதாரணமான, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரல். "ரொம்ப நல்ல பொண்ணு சார் அவ. இவன் மேல உசுரா இருப்பா. கொடுத்து வெக்கல."

தலைவரின் முகம் இளகிவிட்டது. "சரி சரி, உக்காருங்கம்மா. நீங்களாவது இவன நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பையன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பொட்டலத்தை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு போனான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளைத் தண்ணீர்க் கேன் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"உயிரோட இருக்கிற தாயைச் செத்துட்டாங்கன்னு சொல்றான். நீங்களும் பக்கத்துல நின்னு ஆமாம் போடறீங்களே, உங்களுக்கு ரோஷமே இல்லையா?"

"இன்னா மேடம் நீங்க" என்றாள். முதல் முறையாக அவள் என்னிடம் சலித்துக்கொண்டாள். "அம்மான்னா அவன் ஒளிஞ்சிக்கினு வரணும். வந்தா பத்து பேரு பாப்பாங்களேன்னு பயந்துக்கினே உக்காரணும். பெரியம்மான்னா நேரா வரலாம். வாரா வாரம் வரலாம். யாரு கேட்டாலும் சொல்லலாம்."

"உங்களுக்கு?"

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். அவள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பையன் மேலும் கோபம், தலைவர் மேலும் கோபம். யாரும் தப்பாகப் பேசியதாக எடுத்துக்காட்டவும் என்னால் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பேப்பர் பகுதியில் நிற்கவில்லை. எந்தப் பத்திரிகையையும் எடுக்கவில்லை. நேராக உள்ளே வந்தான், கூட வேலை செய்கிற ஒரு பையனையும் அழைத்துக்கொண்டு வந்தான். தலைவருக்கு வணக்கம் சொன்னான். பிறகு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "பெரியம்மா" என்று கூப்பிட்டான்.

"வா நைனா" என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.